இளம் பியானோ கலைஞர்களுக்கான மாஸ்டர் கிளாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் பியானோவைச் சில வருடங்களாகத் தீவிரமாகக் கற்று, முதன்முறையாக மாஸ்டர் கிளாஸுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

மாஸ்டர் கிளாஸ் என்பது என்ன? வாராந்திர வகுப்பிலிருந்து அது எப்படி மாறுபடுகிறது?

அனுபவம் மிக்க ஒரு கலைஞர், பார்வையாளர்கள் முன்னிலையில், ஒரு மாணவருக்கு ஒரு உருப்படியைப் பாடமாக எடுப்பதுதான் மாஸ்டர் கிளாஸ். மாணவர் முதலில் முழுதாக வாசிப்பார். பிறகு இருவரும் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கிடைக்கும். இரண்டு மூன்று மணி நேர அமர்வில் மூன்று நான்கு பேர் வாசிப்பது வழக்கம். பெரும்பாலும் மேடையில் இரண்டு பியானோக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வாயால் விளக்க முடியாததை ஆசிரியர் இரண்டாவது பியானோவில் வாசித்துக் காட்டுவார்.

உங்கள் வாராந்திர ஆசிரியருக்கு உங்கள் கைகளையும் பழக்கங்களையும் போன வருடத் தவறுகளையும் தெரியும். மாஸ்டர் கிளாஸ் எடுப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தப் பத்து நிமிட வாசிப்பில் காதில் விழுந்ததை மட்டும் வைத்துப் பேசுவார். அவர் சொல்வதன் மதிப்பும் அதன் எல்லையும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் யார்?

இன்றைய வடிவத்துக்கு மூலம் ஃபிரான்ஸ் லிஸ்ட் என்று பொதுவாகச் சொல்லலாம். 1869 முதல் 1886இல் இறக்கும் வரை, ஆண்டுதோறும் சில மாதங்கள் ஜெர்மனியின் வைமார் நகரில் தங்கி, வாரத்துக்கு மூன்று பிற்பகல்கள் தன் வீட்டுக் கூடத்தில் இளம் கலைஞர்களைக் கூட்டிப் பாடம் எடுத்தார். மாணவர்கள் தாங்கள் தயார் செய்த ஸ்கோர்களை (இசைக்குறிப்புப் புத்தகங்களை) பியானோ மேல் அடுக்கி வைப்பார்கள். அந்த அடுக்கிலிருந்து லிஸ்ட் ஒன்றை எடுப்பார். அது யாருடையதோ அவர் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். ஒருவருக்குச் சொன்ன பாடத்தை அறையில் இருந்த எல்லோரும் கற்றார்கள். அலெக்சாண்டர் சிலோட்டி, எமில் ஃபோன் சாவர், மோரிஸ் ரோசந்தால் போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

இதற்கு லிஸ்ட் கட்டணம் வாங்கவில்லை. அவருக்குச் சிறுவயதில் இலவசமாகக் கற்றுக்கொடுத்தவர் கார்ல் செர்னி. செர்னி பீத்தோவனின் மாணவர். இந்தத் தொடர்ச்சியை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

எனக்கு அதற்கான தகுதி வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வயதையும் கிரேடு சான்றிதழையும் தள்ளி வையுங்கள். ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். நன்றாகத் தெரிந்த உருப்படி ஒன்றை எடுத்து அதன் நடுவில் ஏதாவது ஒரு பாரிலிருந்து (தாள அளவுப் பிரிவிலிருந்து) தொடங்குங்கள். இடது கையை மட்டும் வாசியுங்கள். பிறகு பாதி வேகத்தில் வாசியுங்கள். ஃபோர்ட்டே (பலமாக) என்று எழுதியிருக்கும் இடத்தைப் பியானிசிமோவாக (மிக மென்மையாக) வாசியுங்கள். இத்தனையும் பெரிய தடுமாற்றம் இல்லாமல் வந்தால் நீங்கள் தயார்.

மேடையில் உங்களிடம் கேட்கப்போவதும் இதைத்தான். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மாதிரி வாசிக்க மட்டுமே முடிகிறது என்றால் அந்த உருப்படி இன்னும் விரல்களில் மட்டும்தான் இருக்கிறது. கேட்டவுடன் மாற்றி வாசிக்க முடிவதுதான் மாஸ்டர் கிளாஸுக்கு வேண்டிய ஒரே தகுதி என்பேன். மற்ற குறைகளைச் சரி செய்யத்தானே வகுப்பு இருக்கிறது.

எந்த உருப்படியைத் தேர்ந்தெடுப்பது?

இருப்பதிலேயே கடினமானதை எடுத்துக்கொண்டு போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஷோபானின் முதல் பலாடை இன்னும் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு விண்ணப்பிப்பார்கள். கடைசியில் கோடா என்னும் இறுதிப் பகுதியில் விரல்கள் திணற, கிடைத்த நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் விரலமைப்பு பற்றிப் பேசியே தீர்ந்துவிடும். அந்தப் பாடத்தை உங்கள் சொந்த ஆசிரியரே நடத்தியிருக்க முடியும்.

குறைந்தது ஒரு முறையாவது பிறர் முன் வாசித்த உருப்படியைக் கொண்டுபோங்கள். விரல்களுக்கு அது பழகியிருக்க வேண்டும். அதே சமயம் இசை சார்ந்த கேள்விகள் உங்களுக்குள் தீராமல் இருக்க வேண்டும். மொட்சார்ட்டின் எஃப் மேஜர் சொனாட்டா, கே. 332, இதற்கு அருமையான உதாரணம். முதல் பகுதியில் பாடல் போல ஒரு மெட்டு, வேட்டைக் கொம்பு போல ஓர் ஒலி, உடனே டி மைனரில் புயல் என்று ஒரே பக்கத்துக்குள் பாத்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்வரங்கள் அவ்வளவு கடினமில்லை. ஒரு பாத்திரத்திலிருந்து அடுத்ததற்குப் போவது எப்படி என்பதை ஒரு மணி நேரம் பேசினாலும் தீராது. பாக்கின் முன்னிசையும் ஃபியூகும், ஹைடன் சொனாட்டாக்கள், ஷூமானின் சிறு உருப்படிகள் எல்லாமே இந்த வகையில் நிறையக் கொடுக்கக்கூடியவை.

நேரத்தையும் பாருங்கள். அரை மணி வகுப்புக்குப் பதினெட்டு நிமிட உருப்படி கொண்டுபோனால் பேச நேரம் இருக்காது. ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடலாம். கான்செர்ட்டோ வாசிப்பதாக இருந்தால் ஆர்கெஸ்ட்ரா பகுதியை இரண்டாவது பியானோவில் வாசிக்க ஆள் உண்டா என்று அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனப்பாடமாகத்தான் வாசிக்க வேண்டுமா?

அறிவிப்பில் கேட்டிருந்தால் ஆம். கேட்காவிட்டாலும் தனி வாசிப்பு உருப்படிகளை மனப்பாடமாகத் தயார் செய்வது நல்லது. ஆனால் ஸ்கோரை மேடைக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். பேச்சு தொடங்கியதும் அது தேவைப்படும்.

இந்த வழக்கம் ஒன்றும் ஆதி காலத்திலிருந்து வந்ததில்லை. 1837இல் பெர்லினில், பதின்பருவத்தில் இருந்த கிளாரா, பின்னாளில் கிளாரா ஷூமான், பீத்தோவனின் அப்பாசியோனாட்டா சொனாட்டாவை ஸ்கோர் இல்லாமல் வாசித்தபோது அது அகம்பாவம் என்று கண்டித்தவர்கள் உண்டு. மறுபக்கம், ஸ்வியாட்டோஸ்லாவ் ரிக்டர் தன் கடைசிக் காலக் கச்சேரிகளில் ஸ்கோரை முன்னால் வைத்துக்கொண்டே வாசித்தார். ஸ்கோரைப் பார்த்து வாசிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எந்தப் பதிப்பு கொண்டுவர வேண்டும்?

ஊர்டெக்ஸ்ட் பதிப்பு. இசையமைப்பாளரின் கைப்பிரதியையும் முதல் அச்சுகளையும் ஒப்பிட்டு, பிறர் சேர்த்ததை நீக்கி வெளியிடுவது இது. ஹென்லே, பேரன்ரைட்டர், வீனர் ஊர்டெக்ஸ்ட் ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. ஷோபானுக்கு யான் எகியர் பதிப்பித்த போலந்து தேசியப் பதிப்பு இருக்கிறது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பழைய பதிப்புகளில் பதிப்பாசிரியரே ஸ்லர் (ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு), பெடல், ஒலியளவுக் குறிகளைத் தாராளமாகச் சேர்த்திருப்பார். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல அப்படிப்பட்டவை. ஆசிரியர் உங்களிடம் "இங்கே ஏன் இரண்டு ஸ்வரத்துக்கு ஒரு ஸ்லர் போட்டிருக்கிறார்?" என்று கேட்கும்போது உங்கள் புத்தகத்தில் நான்கு பாருக்கு ஒரே நீண்ட ஸ்லர் இருந்தால் பேச்சே தொடங்காது.

இரண்டு பிரதிகள் கொண்டுவாருங்கள், ஒன்று ஆசிரியருக்கு. பார் எண்கள் அச்சிடப்படாமல் இருந்தால் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

விண்ணப்பத்துடன் அனுப்பும் வீடியோ எப்படி இருக்க வேண்டும்?

வெட்டி ஒட்டாத ஒரே பதிவாக, கைகளும் முகமும் ஒருசேரத் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். பியானோவை முதல்நாள் ட்யூன் செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். கைபேசியின் தானியங்கி ஒலிச் சீரமைப்பை அணைத்துவிடுங்கள். அது உங்கள் பியானிசிமோவையும் ஃபோர்ட்டிசிமோவையும் ஒரே அளவாக்கிவிடும். ஒன்றிரண்டு தவறான ஸ்வரங்களுக்காக உயிரோட்டமான பதிவை ஒதுக்காதீர்கள்.

வகுப்பில் உண்மையில் என்னதான் நடக்கும்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஷோபானின் ஈ மைனர் பிரெலூட், ஓபஸ் 28இல் நான்காவது. இருபத்தைந்தே பார்கள். பியானோ கற்கும் பலரும் சீக்கிரத்திலேயே தொட்டுப் பார்ப்பது. வலது கையில் மெட்டு கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. ஒரு ஸ்வரமும் அதற்கு மேலுள்ள ஸ்வரமும், மறுபடி அதே. மாணவர் வலது கையில் உருக்கத்தையெல்லாம் கொட்டி வாசித்து முடிக்கிறார்.

நல்ல ஆசிரியர் என்றால் முதலில் வலது கையை எடுத்துவிடச் சொல்வார். இடது கை கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்புகளை) மட்டும், மெதுவாக. இப்போது கேட்கிறது: மூன்று குரல்கள் ஒன்று மாற்றி ஒன்றாக அரை ஸ்வரம் இறங்குகின்றன, ஒவ்வொரு முறையும் வேறு குரல். "இந்தக் கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு எந்த விரல் நகர்ந்தது? அந்த விரலுக்கு மட்டும் இம்மியளவு அதிக எடை கொடுங்கள்" என்பார். பிறகு வலது கையைச் சேர்க்கச் சொல்வார். அசையாத மெட்டின் அடியில் தரை நழுவுவது அப்போதுதான் காதில் விழும். பதினாறாவது பாரில் ஷோபான் ஸ்ட்ரெட்டோ (வேகத்தை நெருக்கி) என்று எழுதியிருக்கிறார், அங்கே அவசரம் ஏன் வருகிறது என்று கேட்பார். முடிவுக்கு முன்னால் வரும் அந்த நீண்ட மௌனத்தில் கையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். கை சட்டென்று மடிக்கு வந்துவிட்டால் உருப்படி முடிந்துவிட்டதாகக் கேட்பவர்கள் நினைத்துவிடுவார்கள். உண்மையில் இன்னும் மூன்று கார்டுகள் மிச்சமிருக்கின்றன.

இத்தனை வேலைக்கும் அந்தச் சின்ன உருப்படி இடம் கொடுக்கிறது. ஆசிரியருக்கு ஆசிரியர் வழி வேறாகும். சிலர் பாடிக் காட்டச் சொல்வார்கள், குரல் கூச்சத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஷோபானே தன் மாணவர்களை நல்ல பாடகர்களைக் கேட்கச் சொல்லி அனுப்பியவர். சிலர் இந்த வரியைச் செல்லோவுக்கும் அந்த வரியைக் குழலுக்கும் கொடுத்துக் கற்பனை செய்யச் சொல்வார்கள். சிலர் தோளையும் முழங்கையையும் மட்டுமே பார்ப்பார்கள்.

"ஒலியைக் கேளுங்கள்" என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். பியானோவில் ஒரு ஸ்வரத்தை அழுத்திய பிறகு என்ன செய்ய முடியும்?

நியாயமான கேள்வி. பியானோ கட்டை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. அந்தத் தூரத்தின் கடைசியில் சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறந்து தந்தியைத் தொடுகிறது. அதன் பிறகு அந்த ஸ்வரத்தை நீங்கள் பெருக்கவும் முடியாது, அதிர வைக்கவும் முடியாது. வயலினுக்கும் குரலுக்கும் உள்ள வசதி நமக்கு இல்லை.

நம் கையில் இருப்பவை: சுத்தியல் எவ்வளவு வேகத்தில் போகிறது, எப்போது போகிறது, அந்த ஸ்வரம் கூடவே ஒலிக்கும் மற்ற ஸ்வரங்களைவிட எவ்வளவு மேலே நிற்கிறது, எப்போது முடிகிறது. அந்த முடிவைத்தான் இளம் கலைஞர்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஒரு நீண்ட ஸ்வரம் மங்கிக்கொண்டே போய் எந்த அளவில் நிற்கிறதோ, அந்த அளவிலிருந்து அடுத்த ஸ்வரத்தைத் தொடங்கினால் லெகாட்டோ (ஸ்வரங்கள் இடைவெளியின்றி இழைவது) கிடைக்கும். காது அந்த மங்கலைப் பின்தொடராவிட்டால் விரல் எவ்வளவு ஒட்டி வாசித்தாலும் வரி துண்டு துண்டாகவே கேட்கும்.

பெடல் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஏனென்றால் வீட்டில் பழகிய பெடல் மேடையில் செல்லாது. ஒன்பது அடி நீளக் கான்செர்ட் கிராண்டின் கீழ்த் தந்திகள் நெடுநேரம் ஒலிக்கும். காலி மண்டபம் ஒலியைச் சுற்றவிடும், ஆட்கள் நிறைந்ததும் அதே மண்டபம் வறண்டுவிடும். பாதம் காதின் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும்.

பீத்தோவனில் இது இன்னும் சுவாரஸ்யமாகிறது. டெம்பெஸ்ட் சொனாட்டா, ஓபஸ் 31இல் இரண்டாவது, முதல் பகுதியில் ரெசிட்டாட்டிவ் (ஓபராவில் பேச்சு போலப் பாடும் பகுதி) போன்ற தனிக்குரல் வரிகளுக்கு அவர் பெடலை எடுக்காமலே பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் கால பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் அந்த மங்கல் அழகாக இருந்திருக்கும். இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் ஒலிகள் குழம்பிவிடலாம். முழுக்க மாற்றிவிட்டால் அவர் கேட்ட விசித்திரம் போய்விடும். பெடலைப் பாதி, கால்வாசி என்று தூக்கி ஒரு நடுவழியைத் தேடுவார்கள். அதற்கு ஒரே சரியான விடை என்று எதுவும் இல்லை, அன்றைய பியானோவையும் மண்டபத்தையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததற்கு நேர்மாறாக மாஸ்டர் கிளாஸ் எடுப்பவர் சொன்னால்?

சொல்வார். பெரும்பாலும் நடக்கிற விஷயம்தான். அந்த நேரத்தில் "என் டீச்சர் இப்படித்தான் சொன்னார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மேடையில் இல்லாத ஒருவரை வழக்கில் இழுத்தது போலாகிவிடும், இருவருக்கும் சங்கடம். அவர் சொன்னதை அந்த அரை மணிக்கு முழு மனதோடு செய்து பாருங்கள். பிடிக்காததைக்கூட. செய்து பார்க்காமல் நிராகரித்தால் அது வெறும் பிடிவாதம்.

வீட்டுக்குப் போன பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள், உங்கள் ஆசிரியரிடமும் பேசுங்கள். நல்ல ஆசிரியருக்கு அதில் கோபம் வராது. சொல் வேறாக இருந்தாலும் இருவரும் ஒரே சிக்கலைத்தான் சுட்டினார்கள் என்று பல சமயம் தெரியவரும். ஒருவர் "வேகத்தைக் குறை" என்றிருப்பார், இன்னொருவர் "மூச்சு விடு" என்றிருப்பார்.

அதே நேரம், புரியாவிட்டால் கேளுங்கள். "இந்த வரியில் உச்சம் எது என்று நினைக்கிறீர்கள்?" என்பது போன்ற கேள்வியை எந்தக் கலைஞரும் விரும்புவார். 2005இல் சிகாகோவில் டேனியல் பேரன்போயிம் நடத்திய பீத்தோவன் சொனாட்டா மாஸ்டர் கிளாஸ்கள் படமாக்கப்பட்டிருக்கின்றன. லாங் லாங், ஜொனாதன் பிஸ் போன்ற, ஏற்கெனவே மேடை கண்ட கலைஞர்களே அங்கே மாணவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். கிடைத்தால் பாருங்கள்.

சொன்னதை உடனே செய்ய வரவில்லை என்றால்?

இன்னொரு முறை முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் "புரிகிறது, கைக்கு வர நேரம் வேண்டும்" என்று சொல்லுங்கள். அது தோல்வி ஆகாது.

மேடையில் எல்லோர் முன்பும் திருத்துவார்களே, பயமாக இருக்கிறது.

பயம் இருக்கட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பியானோ வாசிப்பவர்கள், உங்கள் இடத்தில் இருந்தவர்கள் அல்லது இருக்கப்போகிறவர்கள். உங்களுக்குச் சொல்லும் திருத்தத்தை அவர்கள் தங்கள் உருப்படிக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களை எடைபோட அவர்களுக்கு நேரம் இருக்காது.

நடைமுறையில் உதவுபவை சில. முந்தைய நாளே அந்தப் பியானோவைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். உட்கார்ந்ததும் பெஞ்சின் உயரத்தைச் சரி செய்யுங்கள், அதற்கு எடுக்கும் அரை நிமிடத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கை குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு வாருங்கள். வாசிக்கத் தொடங்குமுன் முதல் பாரை மட்டுமல்ல, நான்காவது ஐந்தாவது பாரையும் மனதுக்குள் கேளுங்கள். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும். அந்தப் பார்களின் வேகம் மனதில் இருந்தால் தொடக்கமும் அடங்கியே வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடுமையான திருத்தம் வேறு, அவமானப்படுத்துதல் வேறு. வாசிப்பைப் பற்றி எவ்வளவு கறாராகவும் பேசலாம். மாணவரைக் கேலி செய்து கைத்தட்டல் வாங்கும் வகுப்பில் யாரும் எதையும் கற்பதில்லை. அப்படி நடந்தால் குறை உங்களிடம் இல்லை.

வீட்டில் டிஜிட்டல் பியானோதான் இருக்கிறது. கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. எடை கொண்ட 88 கட்டைகளும் பாதிப் பெடலை உணரும் பெடலும் இருந்தால் நிறைய வேலை செய்யலாம். ஆனால் வகுப்புக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் உண்மையான கிராண்ட் பியானோவில், முடிந்தால் வெவ்வேறு பியானோக்களில், வாசிக்க வழி தேடுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒலி அறைக்குள் போய்த் திரும்பி வருவது புதிதாக இருக்கும்.

வகுப்பு நெருங்குகிறது, கை வலிக்கிறது. தாங்கிக்கொண்டு பயிற்சி செய்யலாமா?

வேண்டாம். வலி வந்தால் நிறுத்துங்கள். குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ராபர்ட் ஷூமான் இளம் வயதிலேயே வலது கையைக் கெடுத்துக்கொண்டு பியானோ கலைஞராகும் கனவைக் கைவிட நேர்ந்தது. ஆர்ட்டூர் ஷ்னாபலின் மாணவரான லியோன் ஃபிளைஷர், முப்பதுகளின் நடுவில் புகழின் உச்சியில் இருந்தபோது வலது கை விரல்கள் கட்டுப்பாட்டை இழந்து, பல வருடங்கள் இடது கை உருப்படிகளை மட்டுமே வாசித்தார். அந்தக் காலத்தில்தான் அவர் தலைமுறையின் பெரும் ஆசிரியர்களில் ஒருவராக வளர்ந்தார் என்பது வேறு விஷயம். அதை ஒரு வழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மாஸ்டர் கிளாஸ் போனால் அடுத்தது வரும்.

மணிக்கணக்கைப் பெருமையாக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னவர் ஷோபான்.

வாசிக்காமல் பார்வையாளராக மட்டும் வந்தால் பயன் உண்டா?

மிகுந்த பயன் உண்டு. மேடையில் இருப்பவருக்குப் பதற்றத்தில் பாதி காதில் விழாது. உங்களுக்கு எல்லாமே விழும். அன்று வாசிக்கப்போகும் உருப்படிகளின் ஸ்கோர்களைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவரும் முதல்முறை வாசித்து முடித்ததும், ஆசிரியர் பேசத் தொடங்குமுன், நீங்கள் ஆசிரியராக இருந்தால் முதலில் எதைச் சொல்வீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். அவர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். நாளடைவில் உங்கள் சொந்தப் பயிற்சி அறையிலும் அந்த இரண்டாவது காது வந்து உட்காரும்.

பெற்றோர் முன் வரிசையில் உட்காரலாமா?

பின்னால் உட்காருங்கள். குறிப்பெடுத்துத் தருவது பெரிய உதவி. திரும்பிப் போகும் வழியிலேயே "ஏன் அந்த இடத்தில் தவறினாய்?" என்று தொடங்காதீர்கள். குழந்தை தானாகப் பேசும்வரை காத்திருங்கள்.

வகுப்பு முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

அன்று இரவே எழுதுங்கள். பதிவு செய்ய அனுமதி கிடைத்திருந்தாலும் எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் கை என்ன உணர்ந்தது என்பது பதிவில் இருக்காது. "இடது தோளைத் தளர விட்டதும் ட்ரில் (இரு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) தானாக வந்தது" என்பது போன்ற வரிகள் மூன்று மாதம் கழித்துத் தங்கமாக இருக்கும்.

ஒரு வாரம் கழித்துப் பதிவைக் கேளுங்கள். ஆசிரியர் சொன்னதில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புகுத்த முயலாதீர்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, அதை வேறு ஒரு உருப்படியில் பயன்படுத்திப் பாருங்கள். ஷோபான் பிரெலூடில் இடது கையின் இறங்கும் குரலைத் தேடக் கற்றிருந்தால், அதே காதோடு ஷூமானின் ட்ரொய்மரை என்ற சிறு உருப்படிக்குப் போங்கள். நான்கு குரல்களும் ஒன்றின் கையிலிருந்து ஒன்று மெட்டை வாங்கிக்கொள்வது கேட்கும். உருப்படி மாறிய பிறகும் பாடம் கூட வந்தால் மட்டுமே அது உங்களுடையது.

விண்ணப்பித்தேன், தேர்வாகவில்லை. காரணம் கேட்கலாமா?

மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் கேட்கலாம். சிலர் கருத்து அனுப்புவார்கள், பலருக்கு நேரம் இருக்காது. இடங்கள் நான்கு என்றால், ஒரே சொனாட்டாவை மூன்று பேர் அனுப்பியிருந்தால்கூட இருவர் வெளியே போக வேண்டியிருக்கும். அதனால் அந்த முடிவை உங்கள் வாசிப்பின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்வையாளர் இடம் கேட்டு அன்று போய் உட்காருங்கள், அடுத்த முறைக்கு அதே உருப்படியை இன்னொரு முறை மேடையில் வாசித்துவிட்டுப் புதிய பதிவு எடுத்து அனுப்புங்கள்.